பொறுப்பல்ல என்ற போர்டும் பூட்டிக் கிடக்கும் பின்வாசலும்

திருப்பூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து குமரன் ரோடு பக்கம் நடந்தாலும் சரி, காதர்பேட்டை பக்கம் திரும்பினாலும் சரி, கொஞ்ச தூரத்திலேயே ஒரு லாட்ஜ் கண்ணில் பட்டுவிடும். மொத்தக் கொள்முதலுக்கு வரும் வடநாட்டு வியாபாரி, ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வரும் பையரின் ஆள், நிட்டிங் மெஷினைச் சரிபார்க்க வரும் மெக்கானிக், மகளை ஹாஸ்டலில் சேர்க்க வந்த அப்பா என்று எல்லோருக்கும் ஒரு கட்டில் வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. இந்த ஊரை இரவில் தாங்கிப் பிடிப்பவை பத்து அறை லாட்ஜ்கள், ஐம்பது கட்டில் ஹாஸ்டல்கள், பனியன் கம்பெனிகளைச் சுற்றி வரிசையாக நிற்கும் லைன் வீடுகள். நட்சத்திர ஓட்டல்களில் தங்குவோர் மிகச் சிலர்.

இப்படிப்பட்ட லாட்ஜ் ஒன்றின் ரிசப்ஷனை நினைத்துப் பாருங்கள். மேஜைமேல் நீளமான ரிஜிஸ்டர், பக்கத்தில் நூல் கட்டிய பேனா. பின்சுவரில் அறை எண் எழுதிய சாவிகள் ஆணிகளில் தொங்கும். மேஜை டிராயரில் ஆதார் ஜெராக்ஸ் கட்டு. சாவிகளுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், பெயின்ட்டில் எழுதிய ஒரு போர்டு: ‘தங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’

இந்தப் போர்டு இல்லாத லாட்ஜைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். மாட்டியவர் தனக்குக் கவசம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார். படித்தவர் இனி கேட்க வழியில்லை என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டு பேர் நினைப்பும் தவறு. நாட்டின் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த வழக்கு ஒரு மாருதி ஜென் காரைப் பற்றியது. 1998 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரவு, டெல்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்த ஒருவர், காரை நிறுத்தச் சொல்லி ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கையில் ஒரு டோக்கன் தந்தார்கள். ‘வண்டியை நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்; திருட்டு, சேதத்துக்கு ஓட்டல் பொறுப்பாகாது’ என்ற பொருளில் அதில் அச்சிட்டிருந்தது. வேறொரு காரில் வந்திருந்த இளைஞர்கள், மேஜையில் இருந்த ஜென் காரின் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியோடு போய்விட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கார்க்காரருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை ஓட்டலிடம் கேட்டு நுகர்வோர் ஆணையத்தின் படியேறியது. வழக்கு நீண்டு, 2019 நவம்பர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தோற்றது ஓட்டல்.

தீர்ப்பின் அடிப்படை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பொருளை ஒருவரிடம் ஒப்படைத்தால், அவர் அதைத் தன் சொந்தப் பொருளைப் போலப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 151ஆவது பிரிவு. சாதாரண அறிவுள்ள மனிதர் எடுக்கும் அக்கறை போதும். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த அக்கறையோடு இருந்தும் பொருள் போய்விட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அவர் பொறுப்பாக மாட்டார் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. அப்படி அக்கறையோடுதான் இருந்தோம் என்பதைக் காட்ட வேண்டியவர் ஓட்டல்காரர். தன் பக்க அலட்சியத்துக்கான பொறுப்பை ஒரு டோக்கனில் அச்சடித்த வரியை வைத்துத் தட்டிக்கழிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் சிறு லாட்ஜ்காரருக்கு நல்ல செய்தியும் உண்டு. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் சத்திரக்காரர் ஏறக்குறைய இன்சூரன்ஸ் கம்பெனிதான். விருந்தாளியின் பொருள் சத்திரத்துக்குள் காணாமல் போனால், யார் தவறு என்று பார்க்காமல் அவர் கொடுத்தாக வேண்டும். வழியில் கொள்ளையரோடு சத்திரக்காரரே கூட்டுச் சேர்ந்துவிடக்கூடும் என்ற பயத்தில் பிறந்த விதி அது. பிறகு இந்தச் சுமை அதிகம் என்று உணர்ந்து, 1956இல் ஓட்டல் உரிமையாளர்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட வாசகம் கொண்ட அறிவிப்பை வரவேற்பறையில் மாட்டினால், ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, ஒரு விருந்தாளிக்கு மொத்தம் 100 பவுண்டு என்று பொறுப்பு சுருங்கிவிடும். ஓட்டலின் தவறால் போனாலோ, பாதுகாக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்தாலோ அந்த வரம்பு கிடையாது. ஆக, அங்கே போர்டுக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு.

நம் நாட்டில் அப்படித் தொகை வரம்பு போட்ட சட்டம் இல்லை. அதற்குப் பதிலாக, தவறு இருந்தால்தான் பொறுப்பு என்ற மென்மையான விதியை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தவறில்லை என்று காட்ட முடிந்த லாட்ஜ்காரர் தப்பிக்கிறார். அதைக் காட்டுவது எப்படி என்பதுதான் காரியம்.

திருப்பூர் வியாபாரி பையில் பெரும்பாலும் பணமும் சாம்பிள் பீஸும்தான் இருக்கும். அவர் ரிசப்ஷனில் “இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க, மத்தியானம் வந்து எடுத்துக்கறேன்” என்று பையை வைத்துவிட்டுப் போகிறார். மேலாளர் மேஜைக்கு அடியில் தள்ளுகிறார். ஒப்படைப்பு அந்த நொடியில் நடந்துவிட்டது. ரசீது எழுதவில்லை என்பதால் பொறுப்பு இல்லாமல் போகாது. ரசீது இல்லாததால் சங்கடப்படப் போகிறவரும் லாட்ஜ்காரரே. பையில் இரண்டு லட்சம் இருந்தது என்று விருந்தாளி சொன்னால், இல்லை என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி, சீல் வைத்து, கையெழுத்து வாங்கிப் பூட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். முடியாது என்றால், பணிவாக மறுத்துவிடுவது இன்னும் நல்லது. விருந்தாளி தானே நிறுத்தி, தானே பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகும் பைக்கின் கதை வேறு. அங்கே ஒப்படைப்பு நடந்ததா என்பதே கேள்வியாகிவிடும்.

பொருள் போனால் பணத்தோடு போகும். உயிர் போகும் இடத்துக்கு இப்போது வர வேண்டும்.

2019 பிப்ரவரி 12, விடியற்காலை. டெல்லி கரோல்பாக் பகுதியின் அர்பித் பேலஸ் ஓட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போயிருந்த இருவரும் அதில் உண்டு. நடைவழிகளில் சுவரை ஒட்டி அடித்திருந்த மரப்பலகைகள் தீயை வேகமாக எடுத்துச் சென்றன. தப்பிக்கும் வழி பயன்படுத்த முடியாதபடி இருந்தது.

2025 ஏப்ரல் 29, கொல்கத்தா படா பஜாரின் மெச்சுவாபட்டி. ஜவுளியும் மளிகையும் மொத்தமாகக் கைமாறும் நெரிசலான வணிகப் பகுதி. காதர்பேட்டை தெரிந்தவர்களுக்கு அந்தச் சந்துகள் அந்நியமாகத் தோன்றாது. அங்கே ரிதுராஜ் ஓட்டலில் மூண்ட தீயில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் கரூர் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்கள்: ஒரு தாத்தா, இரண்டு சின்னஞ்சிறு பேரப்பிள்ளைகள். பெற்றோர் வெளியே போயிருந்த நேரம் அது. தீயணைப்புத் துறையின் அனுமதி காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். முதல் மாடியில் நடந்த கட்டட வேலைக்காகச் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகைதான். உரிமையாளரும் மேலாளரும் கைதானார்கள்.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2024 செப்டம்பர் 12, மதுரை கட்ராபாளையம். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே இருந்த பெண்கள் விடுதியில் விடியற்காலையில் பிரிட்ஜ் தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. தூக்கத்தில் இருந்த பெண்களில் இருவர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பழைய கட்டடம், இடித்துவிடும்படி மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தது. உரிமையாளர் கைதானார். அதற்குப் பிறகுதான் நகரத்து விடுதிகளைத் தேடித்தேடிச் சோதித்தார்கள்.

மூன்று ஊர்களிலும் உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் புகை. மூன்று இடத்திலும் ஆட்கள் வெளியேற வழி போதவில்லை. ஒரு லாட்ஜில் பின்பக்கப் படிக்கட்டு இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்பார்கள். அதில் பழைய மெத்தைகளும் உடைந்த கட்டிலும் அடுக்கியிருக்கும். கதவில் பூட்டுத் தொங்கும். சாவி முதலாளி வீட்டில் இருக்கும். அறை வாடகை கொடுக்காமல் யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டுகிறார்கள். ஒரு நாள் வாடகை ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றப் போட்ட பூட்டு அது. இதை எழுதும்போது கோபம் வராமல் இருக்க முடியவில்லை.

சட்டமும் இப்போது முன்பைவிடக் கடுமையாகிவிட்டது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரைதான் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் அது ஐந்து ஆண்டாக உயர்ந்துவிட்டது. இப்படி நடந்தால் ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே விட்டுவிட்டார் என்று வழக்கு மாறினால் தண்டனை இன்னும் ஏறும். மாநகராட்சி நோட்டீஸை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டவருக்கு ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் மிஞ்சாது.

லாட்ஜ் என்ற பெயரே இல்லாமல் தங்குமிடம் நடத்துபவர்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. 2025 ஜூலையில் திருப்பூர் கல்லூரி சாலைப் பகுதியில், தொழிலாளர் வாடகைக்கு இருந்த தகரக் கொட்டகை வீடுகளில் கேஸ் சிலிண்டர் வெடித்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி 40க்கும் மேற்பட்ட கொட்டகைகள் சாம்பலாயின. எல்லோரும் வேலைக்குப் போயிருந்த பகல் நேரம் என்பதால் உயிர்கள் தப்பின. இரவு ஷிப்டு முடிந்து தூங்கும் நேரமாக இருந்திருந்தால்? வரிசையாகக் கொட்டகை போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று மாத வாடகை வாங்குபவர், தான் லாட்ஜ் நடத்தவில்லை, வீடுதான் விட்டிருக்கிறேன் என்று நினைக்கலாம். தெரிந்த ஆபத்தைத் தடுக்கும் கடமை அவருக்கும் உண்டு. உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயு வைத்திருக்கக் கூடாது என்பது எரிவாயு சிலிண்டர் விதி. 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து வைத்தாலே 95 கிலோ ஆகிவிடும். மெஸ்ஸோடு ஹாஸ்டல் நடத்துபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பெண்கள் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. அது பிறந்த காரணம் கொங்கு மண்ணிலேயே நடந்தது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அதே ஆண்டு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு விதிகள் வந்தன. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். பெண் காப்பாளர், காவலாளி, வாயிலில் கேமரா, வந்துபோகிறவர்களுக்குப் பதிவேடு, தீயணைப்பு ஏற்பாடு, போதுமான கழிப்பறை என்று விதிகள் நீளும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம்.

நான்கு பெண்களுக்கு மேல்மாடியை வாடகைக்கு விட்டு, பிறகு எட்டாகி, பதினைந்தாகி, ஒரு நாள் போர்டு மாட்டியதும் ஹாஸ்டல் ஆகிவிடுவது திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கமெல்லாம் சகஜம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தேவை இருந்தது, இடம் இருந்தது, ஆரம்பித்தார்கள். ஆனால் உரிமம் வெறும் காகிதம் என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கம் காட்டியது. பெண்களுக்கு வீட்டை விடுதியாக விட்டவரே குளியலறையிலும் படுக்கையறையிலும் ரகசிய கேமராக்கள் வைத்திருந்து பிடிபட்டார். அங்கே தங்கியிருந்த பெண்களே சந்தேகப்பட்டுத் தேடிக் கண்டுபிடித்த விஷயம் அது. எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்காத இடத்தில் காவல் வேலையை அந்தப் பெண்கள் தாங்களே செய்ய வேண்டியிருந்தது. நேர்மையாக விடுதி நடத்துபவர் உரிமத்தைச் சுமையாக நினைக்கத் தேவையில்லை. அந்த மாதிரி ஆட்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டும் அடையாளம் அது.

சமையலறையும் இதே கணக்குத்தான். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பிட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாக நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடிக் கிடந்தது. ஆப்பிள் நிறுவனமே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. விடுதியை நடத்தியது வேறு ஆள், வேலை கொடுத்தது வேறு கம்பெனி. ஆனாலும் கேள்வி எல்லோரையும் தேடி வந்தது. பனியன் கம்பெனிகளுக்காக ஹாஸ்டல் எடுத்து நடத்துபவர்களும், அவர்களிடம் தொழிலாளரை ஒப்படைக்கும் கம்பெனிகளும் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. சாப்பாடு போடும் எந்த விடுதிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ கட்டாயம்.

ரிசப்ஷன் மேஜையின் ரிஜிஸ்டருக்குத் திரும்புவோம். வழக்கு என்று வந்தால் ஒரு லாட்ஜ்காரரை அதிகமாகக் காப்பாற்றுவதும் அதிகமாகச் சிக்கவைப்பதும் அந்த நோட்டுத்தான். பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம், என்ன வேலையாக வந்தார், எந்த அடையாள அட்டை என்று ஒவ்வொரு கட்டமும் உண்மையாக நிரம்பியிருக்க வேண்டும். ‘ஏஜென்ட் பெயரில் நாலு ரூம்’ என்று ஒற்றை வரியில் முடிப்பது வசதி. ஏதாவது நடந்த இரவில், அறையில் இருந்தவர் யார் என்றே சொல்ல முடியாத நிலை வரும்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாகத் தகவல் தர வேண்டும். லாட்ஜ்காரர்கள் இதை இன்றும் ‘சி பாரம்’ என்றுதான் சொல்கிறார்கள். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு வந்த 2025ஆம் ஆண்டு குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தங்குமிடம் தருபவரின் இந்தக் கடமை அதிலும் தொடர்கிறது. பையர்கள் வந்துபோகும் ஊரில் இது அன்றாட வேலை. 2025 ஜனவரியில் பல்லடம் அருகே அருள்புரத்திலும் திருப்பூர் சுற்றுவட்டாரத்திலும் உரிய ஆவணமின்றித் தங்கியிருந்ததாக வங்கதேசத்தவர் 30 பேர் அளவில் கைதான பிறகு, வாடகைக்கு விட்டவர்கள் பக்கமும் விசாரணை திரும்புகிறது.

ஆனால் இந்தப் பயம் வேறொரு தவறில் கொண்டுபோய் விடக் கூடாது. ‘வடக்கன்களுக்கு ரூம் இல்லை’ என்று சொல்லி அனுப்பும் பழக்கம் சில இடங்களில் தலைதூக்குகிறது. அசாமிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்த இளைஞரின் முகத்தைப் பார்த்து வெளிநாட்டவர் என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக மட்டும் எந்தக் குடிமகனையும் ஓட்டலுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமை காரணமாக மறுத்தால் அது நேரடிக் குற்றம். 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ‘ஓட்டல்’ என்ற சொல்லுக்குள் லாட்ஜையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உரிமத்தை ரத்து செய்யவும் வழி வைத்திருக்கிறது. முகவரியைக் கேட்ட கையோடு ‘நம்மாளா’ என்று தூண்டித் துருவும் மேலாளர், முதலாளியின் உரிமத்தைத் தன் நாக்கில் வைத்திருக்கிறார். அடையாள அட்டை கேட்கலாம்; எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

வாங்கிய ஜெராக்ஸை என்ன செய்வது என்பதும் இனி சாதாரண விஷயமல்ல. பழைய ஆதார் நகல்கள் கட்டுக்கட்டாக எடைக்குப் போய், பின்பக்கத்தில் வடை மடிக்கும் காகிதமாகக்கூட வந்திருக்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்துவிட்டன. கடமைகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. கம்ப்யூட்டரிலும் மேலாளரின் வாட்ஸ்அப்பிலும் கிடக்கும் விருந்தாளிகளின் அட்டைப் படங்கள் இதற்குள் வரும்.

இவ்வளவு கடமைகளைக் கேட்டுவிட்டு, சிறு முதலாளிக்கு உரிமையே இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே பதில் உண்டு. 2019 ஜூனில் கோவையில் தினவாடகைக்கு விடும் அபார்ட்மென்ட் ஒன்றை வருவாய்த் துறையும் காவல் துறையும் சோதித்தன. ஓர் அறையில் திருமணமாகாத ஓர் ஆணும் பெண்ணும். இன்னோர் அறையில் மதுப் பாட்டில்கள். அன்றே இடத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். நடத்திய கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த டிசம்பரில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ் தீர்ப்பளித்தார். திருமணமாகாத இரண்டு வயதுவந்தோர் ஓட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. சொந்த உபயோகத்துக்குக் குறிப்பிட்ட அளவு மது வைத்திருக்க 1996ஆம் ஆண்டு மாநில விதிகளே அனுமதிக்கின்றன. விளக்கம் கேட்காமல், எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் சீல் வைத்தது இயற்கை நீதிக்கு முரண். சீலை அகற்றச் சொன்னது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பைக் கொங்குப் பகுதியின் ஒவ்வொரு லாட்ஜ்காரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாமூல் கேட்டு மிரட்டும் கைகளுக்கு எதிராக அது பெரிய பலம். சோதனைக்கு வந்தால் ரிஜிஸ்டரைக் காட்டலாம். அறையை மூடச் சொன்னால், எந்தச் சட்டத்தில், எந்த உத்தரவில் என்று மரியாதையாகக் கேட்கலாம். ஆனால் இதே பலம் இரண்டு இடங்களில் செல்லாது. அறையில் இருப்பவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் போக்சோ சட்டம் குறுக்கே நிற்கும். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம். பாலியல் தொழிலுக்கு இடம் என்று தெரிந்தே அறை விட்டால், 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் உரிமத்தின் மேலேயே கை வைக்கும். வயதைப் பார்க்கும் அடையாள அட்டைதான் அங்கே லாட்ஜ்காரருக்கு இருக்கும் ஒரே ஆதாரம்.

வரி விஷயத்திலும் சிறு விடுதிகள் கேட்டுப் பெற்றது உண்டு. பெண்கள் விடுதி நடத்துபவர்கள் தொடர்ந்த வழக்கில், ஹாஸ்டலும் குடியிருப்புதான், ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்று 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கும் ஒருவரிடம் மாதம் 20,000 ரூபாய்க்குள் வாங்கினால் வரி இல்லை என்று மத்திய அரசும் அறிவித்தது. இதையும் ஒரு கணக்காளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வரி கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம்.

ரூம் பாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஓட்டல், லாட்ஜ் வேலையில் வைப்பதை 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்திருக்கிறார்கள். 2016இல் அந்தத் தடை எல்லாத் தொழிலுக்கும் விரிந்தது. ‘ஊர்லருந்து வந்த பையன், பள்ளிக்கூடம் போகல, சும்மா கூடமாட இருக்கான்’ என்ற சமாதானத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. பத்துப் பேர் வேலை செய்யும் லாட்ஜுக்கு இ.எஸ்.ஐ. வரும். அதற்குக் கீழே இருப்பவர்களும், தண்ணீர்த் தொட்டி கழுவும்போது வழுக்கி விழுந்த ஊழியருக்கு இழப்பீடு தர வேண்டியவர்களே.

அபாயத்தை விலைக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழி இன்சூரன்ஸ். கட்டடத்துக்குத் தீ பாலிசி எடுப்பவர்கள் உண்டு; அது பெரும்பாலும் வங்கிக் கடனுக்காக எடுத்தது. விருந்தாளி படிக்கட்டில் விழுந்தால், கீசரில் ஷாக் அடித்தால் ஈடு தரும் ‘பப்ளிக் லயபிலிட்டி’ பாலிசியைச் சிறு லாட்ஜ்களில் காண்பது அரிது. 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான பொருட்களைக் கையாளும் தொழில்களுக்குத்தான் கட்டாயம் ஆக்கியது. லாட்ஜ்காரர் விரும்பி எடுத்தால்தான் உண்டு. எடுக்கும்போது பாலிசியின் விலக்குகளைப் படிக்க வேண்டும். உரிமம் இல்லாத கட்டடம், அனுமதி வாங்காத மேல்மாடி என்றால், பிரீமியம் வாங்கிய கம்பெனியே இழப்பீட்டு நேரத்தில் கைவிரிக்கக்கூடும்.

விருந்தாளியின் பக்கம் நின்று பார்த்தால், பிரச்சினையைக் கொண்டுபோக எளிய கதவு நுகர்வோர் ஆணையம். கட்டிய வாடகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரை கட்டணம்கூடக் கிடையாது. வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில், அறைச் சாவியின் படம், ரிசப்ஷனில் பையைக் கொடுத்ததைப் பார்த்த ஆள் என்று எது இருந்தாலும் உதவும். பணமாகக் கொடுத்துவிட்டு பில் கேட்காமல் கிளம்பும் பழக்கம் நம் ஊரில் அதிகம். லாட்ஜ்காரரும், அன்றைக்கு மேஜையில் யார் இருந்தார், கேமரா பதிவு எத்தனை நாள் நிற்கிறது, தீயணைப்பான் கடைசியாக எப்போது நிரப்பியது என்ற மூன்றுக்கும் காகிதத்தில் பதில் வைத்திருந்தால் ஆணையத்தின் முன் தைரியமாக நிற்கலாம். தீயணைப்புத் துறையின் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் எழுதி, அதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க மனுப் போட்டு, ஒப்புகைச் சீட்டை அதே பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.